புல்லாங்குழல் விற்க வந்தவர்

1912இல் டைட்டானிக் கப்பலோடு மூழ்கியவர்களில் மிகப் பெரிய பணக்காரர் ஜோன் ஜேக்கப் அஸ்டர். நான் எழுத வந்தது அதே பெயர் கொண்ட அவருடைய பூட்டனைப் பற்றி.

ஜேர்மனியின் வால்டோர்ஃப் என்ற ஊரில் 1763இல் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர் இந்தப் பூட்டன். பதின்ம வயதில் லண்டனுக்குப் போய், அங்கே இசைக்கருவிகள் செய்துவந்த அண்ணன் ஜோர்ஜிடம் வேலை பழகினார். அமெரிக்க விடுதலைப் போர் முடிந்த கையோடு, 1783 நவம்பரில், சில புல்லாங்குழல்களுடன் கப்பலேறினார். கரையை நெருங்கும் வேளையில் செசபீக் குடாவின் பனிக்கட்டியில் கப்பல் வாரக்கணக்கில் சிக்கிக்கொண்டது.

பிரித்தானியரின் ஆட்சி போயிருந்தது. ஆனால் நல்ல கருவி வேண்டுமென்றால் நியூயோர்க் வீடுகள் இன்னமும் லண்டனையே பார்த்துக்கொண்டிருந்தன. அஸ்டர் பிழைத்தது அதனால்தான். 1785இல் சாரா டொட்டை மணந்தார். சாராவின் தாயார் வீட்டிலேயே கடை தொடங்கியது. பியானோ, வயலின், கிளாரினெட், வயலின் நரம்பு, இசைத்தாள் எல்லாம் லண்டனிலிருந்து வந்திருப்பதாக 1786இல் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். அவர் காடுமேடாக அலைந்து பீவர் தோல் வாங்கும் காலத்தில் கடையைப் பார்த்துக்கொண்டவர் சாரா. தோலின் தரம் பார்ப்பதில் கணவரைவிட அவரே கெட்டிக்காரி என்பார்கள். இந்த வரலாற்றில் அவருக்குரிய இடம் போதவில்லை என்பது என் எண்ணம்.

கணக்கு எளிது. தொப்பி செய்ய ஐரோப்பாவுக்குத் தோல் போகும். விற்ற காசில் அங்கிருந்து பியானோ வரும். கப்பல் எந்தப் பக்கமும் வெறுமையாக ஓடாது. நாளடைவில் தோல் பியானோவை விழுங்கிவிட்டது. 1808இல் அமெரிக்கன் ஃபர் கம்பனியை நிறுவினார்.

உழைத்து உயர்ந்த ஏழைப் பையன் என்றே அவரைப் பாடப்புத்தக நடையில் புகழ்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய கம்பனி பழங்குடி மக்களுக்குச் சாராயத்தைக் கொடுத்துத் தோல்களைக் கறந்தது. 1816இல் துருக்கி அபினைச் சீனாவின் கன்டன் துறைமுகத்துக்குக் கடத்தினார். பிறகு மன்ஹட்டனில் நிலம் நிலமாக வாங்கினார்.

1848இல் இறந்தபோது நாட்டிலேயே பெரிய செல்வந்தர் அவர்தான். சொத்து சுமார் 2 கோடி டொலர். நியூயோர்க்கில் நூலகம் அமைக்க 4 இலட்சம் டொலரும், பிறந்த ஊரின் ஏழைகளுக்கு 50,000 டொலரும் எழுதிவைத்திருந்தார். தோல் கொடுத்த பழங்குடிகளுக்கு ஒரு சதமும் இல்லை.