ரங்கநாதன் திறந்துவிட்ட அலமாரிகள்

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதனுக்கு அந்தப் பணி பிடிக்கவில்லை. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவருக்கு ஆளரவமற்ற நூலகத்தின் தனிமை பொறுக்கவில்லை. வகுப்பறைக்கே திரும்ப விரும்பினார். லண்டனில் பயின்று வந்தபின் முடிவெடுக்கலாம் என்று அவரை அனுப்பிவைத்தனர். 1925இல் திரும்பியவர் பிறகு நூலகத்தை விட்டு நகர மனமில்லாதவராகிவிட்டார்.

1931இல் வெளிவந்த ஐந்து விதிகளுக்காகவும், 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறைக்காகவும் உலகம் அவரைப் போற்றுகிறது. பொருளியல் படித்த எனக்கோ அவர் அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட்டதே பெரிதாகப் படுகிறது. திறந்ததோடு நிற்கவில்லை, வேண்டியதைத் தேடித்தர ஆட்களையும் அமர்த்தினார். நூல் தொலைவதைவிட எவரும் தொடாமல் கிடப்பதே பெரிய நட்டம் என்பதை எங்கள் துறையினர்கூட இவ்வளவு தெளிவாகக் கணக்கிட்டதில்லை.

இன்று என்-லிஸ்ட் திட்டத்தின் வழியே ஆயிரக்கணக்கான மின்னிதழ்கள் கல்லூரிகளுக்குக் கிடைக்கின்றன. ஆனால், நான் அறிந்த கல்லூரிகள் சிலவற்றில் கடவுச்சொல்லைப் பெறுவது எப்படி என்று மாணவருக்குச் சொல்ல ஆளில்லை. கணினிகள் வந்தன, ஓய்வுபெற்ற நூலகரின் இடம் நிரப்பப்படவில்லை. பூட்டு மீண்டும் விழுந்துவிட்டது, கண்ணுக்குத் தெரியாமல். எதிர்கால நூலகம் பற்றிய கருத்தரங்குகளில் மென்பொருளுக்குக் கிடைக்கும் நேரத்தில் கால்பங்குகூட இதற்குக் கிடைப்பதில்லை.

1972இல் பெங்களூருவில் மறைந்த ரங்கநாதன், தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முன்பே அளித்திருந்தார். நூலகவியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவருக்கான இருக்கைக்கு, மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து.