கரிசல் சீமையில் வீரமாமுனிவர்

கோவில்பட்டிக்கு அருகே, கரிசல் பூமியின் நடுவே, காமநாயக்கன்பட்டி என்னும் கிராமம் இருக்கிறது. மழை பெய்தால் காலை விடாத சேறு. மழை பொய்த்தாலோ நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வானத்தை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் விதைத்த சீமை அது. அவ்வூரிலுள்ள பரலோக மாதா கோவிலுக்கு ஆகஸ்டு 15-ந் தேதி விழாவின்போது பல ஊர் ஜனங்கள் திரண்டு வருவதை நாம் அறிவோம். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வூரில் குருவாக இருந்து ஊழியம் செய்தவர் வீரமாமுனிவர். கிறிஸ்தவர்கள் தங்கள் மதத்தை உலகத்தின் முன் எவ்விதம் எடுத்துக்காட்ட வேண்டும் என்ற கேள்விக்கு அவருடைய சரித்திரத்தில் நல்லதொரு விடை உண்டு.

இத்தாலி தேசத்தில் 1680-ல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, ஏசு சபையைச் சேர்ந்து, 1710-ல் கோவாவில் வந்திறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது. அடுத்த ஆண்டில் தமிழ்நாடு புகுந்து, மதுரை மிஷனைச் சேர்ந்த குருமார்களின் வழக்கப்படி காவி தரித்து, புலால் நீத்து, இந்நாட்டுத் துறவியைப் போல வாழலானார். முதலில் தைரியநாதர் என்று பெயர் பூண்டார். பின்னர் வீரமாமுனிவர் என்ற பெயரே நிலைத்தது. பகைத்தவர்களிடம் அகப்பட்டு உயிராபத்துக்கு உள்ளான காலமும் உண்டு. அவர் இந்நாட்டைவிட்டு ஓடவில்லை.

உடையை மாற்றுவது எளிது. பாஷையை உள்ளத்தில் ஏற்பது அரிது. அந்த அரிய காரியத்தை அவர் சாதித்தார். சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3615 பாடல்களில் அவர் இயற்றிய தேம்பாவணி, தமிழ்க் காப்பிய மரபின் வழி நின்றே கிறிஸ்தவக் கதையைக் கூறுகிறது. ஐந்திலக்கணமும் அடங்கிய தொன்னூல் விளக்கத்தையும், பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகைப்பட்ட சதுரகராதியையும் அவர் அளித்தார். எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் ஒரே வடிவாய் மயங்கிய குறையை அவர் நீக்கிய முறையே இன்று நம் குழந்தைகள் எழுதும் எழுத்து. பரமார்த்த குருவின் கதையைக் கேட்டுச் சிரிப்போரில் எத்தனை பேர் அதை எழுதியவர் ஒரு பாதிரியார் என்பதை அறிவர்?

இவற்றினும் மேலாக நாம் மதிப்பது ஒன்றுண்டு. 1730-ல் அவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். கிறிஸ்துவைத் தமிழருக்கு அறிவிக்க வந்தவர், வள்ளுவரைக் கிறிஸ்தவ உலகத்துக்கு அறிவிக்கவும் முயன்றார். கொடுக்க வந்த இடத்தில் பெறுவதற்கும் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் பணிவு இது. இப்பணிவு இல்லாத பிரசாரம் வெறும் அதிகாரமாகவே முடியும்.

அவரிடம் குறையே இல்லை என்று நாம் கூற வரவில்லை. தரங்கம்பாடியில் ஊழியம் செய்த லுத்தர் சபையாரை அவர் கடுமொழிகளால் தாக்கி நூல்கள் எழுதினார். சகோதரத்துவத்தைப் போதிப்போர் தம்முள் பிணங்குவதை ஊரார் காணாமலிருப்பரோ? அன்றியும் மதுரை மிஷன், உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்ற ஜாதிப் பிரிவோடு சமாதானம் செய்துகொண்டு, ஜாதிக்கேற்பக் குருமாரையும் பிரித்து வைத்திருந்தது. மொழியில் இந்நாட்டோடு ஒன்றானது நன்மை. கொடுமையில் ஒன்றானது நன்மையன்று. கடவுளின் முன் யாவரும் சமம் என்னும் போதனை, கோவிலிலும் கல்லறையிலும் ஜாதிக்கோடு இருக்குமிடத்தில் பொய்யாகிவிடுகிறது.

1747-ல் மலையாள நாட்டு அம்பழக்காட்டில் அவர் காலமானார். 1968-ல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் தமிழ்ப் பெரியோர்களின் வரிசையில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. அவர் மதத்தை ஏற்காதவர்களும் அவரைத் தம்மவராகக் கொண்டதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

கிறிஸ்தவர் அந்நியர் என்று சொல்வோருக்கு வாதத்தால் விடை கூறுவதினும் வாழ்க்கையால் விடை கூறுவதே சிறப்பு. ஊராரின் மொழியையும் துயரத்தையும் தமதாக்கிக்கொண்டு, முனிவர் காலம் விட்டுவைத்த ஜாதிக்கோட்டையும் அழிப்பாராயின், அவர்கள் மதத்துக்கு வேறு சாட்சி எதற்கு?