பாதியில் நின்ற பாட்டு: பிரெடி மெர்க்குரியின் கடைசி அல்பம்

1991 மே மாதம். சுவிட்சர்லாந்தின் மொன்ட்ரூ நகரில், ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள ஒலிப்பதிவுக் கூடமொன்றில் நோயால் மெலிந்துபோன ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். கடைசிச் சரணம் மட்டுமே மிச்சம். களைத்துப்போனதால், பிறகு வந்து முடிப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து சென்றார். அந்தச் சரணத்தை அவர் பாடவேயில்லை.

அவர்தான் பிரெடி மெர்க்குரி. பிரித்தானியாவின் குயின் ரொக் இசைக்குழுவின் பாடகர்.

அவருடைய வேர் பிரித்தானியாவில் இல்லை. கிழக்கு ஆபிரிக்காவின் சன்சிபார் தீவில், இந்தியாவிலிருந்து சென்ற பார்சிக் குடும்பமொன்றில் 1946 செப்டெம்பர் 5 ஆம் திகதி பிறந்தார். இயற்பெயர் பாரூக் புல்சாரா. தந்தை பிரித்தானியக் குடியேற்ற நிர்வாகத்தில் காசாளர். எட்டு வயதில் மகனை இந்தியாவின் பஞ்ச்கனியில் உள்ள விடுதிப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். பியானோவும் முதல் இசைக்குழுவும் அவருக்கு அங்கேதான் வாய்த்தன.

அவர் ஊர் திரும்பிச் சில காலத்திலேயே, 1964 ஜனவரியில், சன்சிபாரில் புரட்சி வெடித்தது. ஆயிரக்கணக்கான அரேபியரும் தெற்காசியரும் கொல்லப்பட்டனர். புல்சாரா குடும்பம் உயிரைக் காத்துக்கொண்டு இங்கிலாந்துக்கு இடம்பெயர்ந்தது. அப்போது அவருக்கு வயது 17. ஈலிங் கலைக் கல்லூரியில் படித்தார். ஹீத்ரோ விமான நிலையத்தில் பயணப்பொதிகள் தூக்கும் வேலையும் செய்தார். விட்டுவந்த ஊரைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் வெளியே அதிகம் பேசியதில்லை.

1970 இல் பிரையன் மே, ரோஜர் டெய்லர் ஆகியோருடன் குயின் குழுவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஜோன் டீக்கன் சேர்ந்தார். 1975 இல் வெளியான 'பொஹிமியன் ரப்சடி' அவர்களை உலகறியச் செய்தது. 1985 ஜூலை 13 ஆம் திகதி, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எயிட் நிகழ்ச்சியில், சுமார் இருபது நிமிடங்களில் வெம்பிளி அரங்கம் முழுவதையும் பாட வைத்தார்.

பின்னர் எயிட்ஸ் வந்தது. அந்த நோயின் பெயரைச் சொல்லவே அஞ்சிய காலம் அது. பத்திரிகையாளர்கள் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தார்கள். நண்பர்கள் மூவரும் வாய்திறக்கவில்லை. 1991 பெப்ரவரியில் 'இன்யுவெண்டோ' அல்பம் வெளிவந்த பின்னரும் அவர் மொன்ட்ரூவுக்குச் சென்று பாடினார். நிற்க முடிந்த நாட்களில் முடிந்தவரை பாடித் தருவேன், மீதியை நான் போன பிறகு நீங்கள் முடியுங்கள் என்பதே அவர் நண்பர்களிடம் கேட்டது.

நவம்பர் 23 ஆம் திகதி தனது நோயைப் பகிரங்கமாக அறிவித்தார். மறுநாள் மாலை காலமானார். வயது 45. பார்சிக் குருமார் இறுதிக் கிரியை செய்தனர். சாம்பல் வைக்கப்பட்ட இடம், அவர் விருப்பப்படியே, இன்றுவரை வெளியே சொல்லப்படவில்லை.

1992 ஏப்ரலில் வெம்பிளியில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சியின் வருமானத்தில் மெர்க்குரி பீனிக்ஸ் அறக்கட்டளை உருவானது. எயிட்ஸுக்கு எதிரான பணிகளுக்கு அது இன்றும் உதவுகிறது.

அவர் ஒப்படைத்த வேலையை நண்பர்கள் 1995 நவம்பரில் முடித்தார்கள். மொன்ட்ரூவில் பதிவான குரலையும் பழைய பதிவுகளையும் சேர்த்து, புதிதாக இசையமைத்து 'மேட் இன் ஹெவன்' அல்பத்தை வெளியிட்டார்கள். பிரெடியும் மற்ற மூவரும் சேர்ந்த குயின் குழுவின் கடைசி அல்பம் அது.

பாதியில் நின்ற அந்தப் பாட்டும் அதில் இருக்கிறது. பெயர் 'மதர் லவ்'. பிரெடி பாடாமல் போன கடைசிச் சரணத்தைப் பிரையன் மே பாடியிருக்கிறார். குரல் மாறும் இடம் தெளிவாகவே கேட்கிறது. அதை அவர்கள் மறைக்க முயலவில்லை.