சர் ஆர். கே. ஷண்முகம் செட்டியார்

கொங்கு நாட்டிலே வாணிபத்தாற் சிறந்து விளங்கும் கோயம்புத்தூர் நகரில், 1892-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 17-ஆம் தேதி தோன்றியவர் சர் ஆர். கே. ஷண்முகம் செட்டியார். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலும் பின்னர்ச் சட்டக் கலாசாலையிலும் பயின்று தேறிய இவர், ஊர் திரும்பிக் குடும்பத்தின் பஞ்சு வியாபாரத்தையும் ஆலைத் தொழிலையும் கவனிக்கலாயினர். சட்டமும் கணக்கும் ஒருவரிடத்தே சேர்வது அரிது. அவ்விரண்டும் சேர்ந்தமையே இவரைப் பிற்காலத்தில் அரசர்க்கும் அரசாங்கத்திற்கும் வேண்டியவராக்கிற்று.

1917-இல் நகரசபை அங்கத்தினராகிப் பின் அதன் உபதலைவராகவும் இருந்தார். 1920-இல் நீதிக் கட்சியின் சார்பிற் சென்னைச் சட்டசபை புகுந்தார். சில ஆண்டுகளுக்குள் சுயராஜ்யக் கட்சியைச் சார்ந்து இந்தியச் சட்டசபையில் அக்கட்சியின் கொறடாவாக விளங்கினார். கட்சி மாறினார் என்று குறை கூறினோர் உண்டு. எனினும் எக்கட்சியில் இருந்தபோதும் வரவு செலவுத் திட்டம் விவாதத்திற்கு வந்தால் இவர் பேச்சைக் கேட்கச் சபை காத்திருந்தது. 1933-இல் அச்சபையின் தலைவர் பதவியும், அவ்வாண்டிலேயே சர் பட்டமும் எய்தினார்.

அதற்கு முன்னாண்டு நிகழ்ந்த ஒட்டாவா மகாநாடே இவருக்கு முட்கிரீடமாயிற்று. பிரிட்டிஷ் சரக்குகளுக்கு இந்தியாவிலும், இந்தியச் சரக்குகளுக்குப் பிரிட்டனிலும் சுங்கச் சலுகை அளிக்கும் அவ்வொப்பந்தத்தை ஆக்கிய இந்தியப் பிரதிநிதிகளுள் இவரும் ஒருவர். உலகமெங்கும் விலைகள் வீழ்ந்து கிடந்த காலத்தில் நம் விளைபொருள்களுக்கு ஒரு சந்தை உறுதியாக வேண்டுமென்பது இவர் கருத்து. தேசாபிமானிகளோ அதனை ஏகாதிபத்தியத்திற்கு இட்ட காணிக்கையெனக் கண்டனர். 1934-ஆம் ஆண்டுத் தேர்தலில், சபைத் தலைவராக வீற்றிருந்தவரே காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார்.

தோற்றவரைக் கொச்சி அரசர் அழைத்துக்கொண்டார். 1935 முதல் 1941 வரை அச்சமஸ்தானத்தின் திவானாக இவர் ஆற்றிய பணி தனியே ஒரு நூலுக்குரியது. பொறியாளர் பிரிஸ்டோ பல்லாண்டு உழைத்து உருவாக்கிவந்த துறைமுகத்திற்கு இவர் முழுத் துணையாக நின்றார். 1936-இல் அது பெருந்துறைமுகமென அறிவிக்கப்பெற்றது. 1938-இல் சில இலாகாக்களை மக்கள் பிரதிநிதிகளுக்குப் பொறுப்பான மந்திரியிடம் ஒப்புவிக்கும் சட்டம் கொச்சியில் நடைமுறைக்கு வந்தது. இந்திய சமஸ்தானங்களுள் அவ்வாறு இரட்டையாட்சி கண்டது கொச்சியே முதலாவது. திவானின் அதிகாரத்தைத் திவானே குறைத்துக்கொள்ள முற்படுதல் எளிய காரியமன்று. எறணாகுளத்தில் நீர்ப்பரப்பை ஒட்டிய சாலை இன்றும் ஷண்முகம் சாலை என்றே வழங்குகிறது.

யுத்த காலத்தில் வாஷிங்டனிலிருந்த இந்தியக் கொள்முதல் தூதுக்குழுவிற்குத் தலைமை வகித்தார். 1944-இல் 44 நாடுகள் கூடிய பிரெட்டன் வுட்ஸ் மகாநாட்டில், யுத்தச் செலவின் பொருட்டு லண்டனில் முடங்கிக் கிடந்த நமது ஸ்டர்லிங் இருப்பைப் பற்றி இந்தியப் பிரதிநிதிகள் வாதிட்டபோது அவருள் ஒருவராய் இருந்தார்.

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல், தம்மைத் தேர்தலில் வீழ்த்திய காங்கிரஸே அமைத்த மந்திரிசபையில், காங்கிரஸ்காரரல்லாத இவர் சுதந்தர இந்தியாவின் முதல் நிதி மந்திரியானார். நவம்பர் 26-இல் இவர் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் ஏழரை மாதங்களுக்கே உரியது: வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி; அச்செலவில் 92.74 கோடி பாதுகாப்பிற்கு. பிரிவினையும் அகதிகளின் துயரமும் சூழ்ந்திருந்த வேளையில் எழுதப்பெற்ற கணக்கு அது.

ஓராண்டு கழிந்ததும் பதவி போயிற்று. வரலாறு எழுதுவோர் இவ்விடத்தை விரைந்து கடக்க விரும்புவர். நாம் அவ்வாறு செய்தல் நேர்மையாகாது. வருமான வரி விசாரணைக் கமிஷனுக்கு அனுப்பப்பெற்ற பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டமை குறித்துச் சபையிற் பெருங்கிளர்ச்சி எழுந்தது; 1948 ஆகஸ்டில் இவர் ராஜினாமாச் செய்தார். ஆலைத் தொழிற் குடும்பத்தினர் ஒருவர் வரி இலாகாவின் தலைமையில் இருக்கும்போது ஐயம் எழுதல் இயல்பு. ஐயுறுவதற்கு மக்களுக்கு உரிமையும் உண்டு. கட்சியில் வேரூன்றியவராயின் அப்புயலைத் தாங்கியிருத்தல் கூடும். அறிவுக்காக அழைக்கப்பெற்றவருக்கோ அத்தகைய நிழல் இல்லை. அவர் இடத்திற்கு ஜான் மத்தாய் வந்தார்.

தமிழிசை இயக்கத்தில் முன்னின்றதும், சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்திற்கு உரை வரைந்ததும் இவர் வாழ்வின் மற்றொரு பக்கம். வணிகர் குலத்துக் கோவலன் கண்ணகியரின் கதையை, கணக்கிலே பழகிய கையொன்று உரையெழுதி விளக்கியதைத் தமிழன்பர்கள் விரும்பிப் படித்தனர். 1953-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி, அறுபதாண்டு நிரம்பிய சில மாதங்களில், சர் ஷண்முகம் செட்டியார் காலமானார்.