கணக்கெழுதிய காரிகை

கைவிளக்கேந்திய காரிகை என்றதும் பள்ளிப் பாடநூலில் கண்ட படம் நம் கண்முன் வந்து நிற்கும். நள்ளிரவு, நோயுற்ற வீரர்கள் வரிசையாகப் படுத்திருக்கும் நீண்ட கூடம், கையில் விளக்குடன் ஒவ்வொரு கட்டிலாக நின்று செல்லும் ஒரு பெண். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த மே 12-ஆம் நாளைத்தான் உலகம் செவிலியர் தினமாகக் கொண்டாடுகிறது.

நானும் நெடுங்காலம் அந்தப் படத்தைத் தாண்டி அவரை அறிந்ததில்லை. மருத்துவமனை ஒன்றின் ஆவணப் பிரிவில் பணிக்குச் சேர்ந்த பிறகே இன்னொரு நைட்டிங்கேலை அறிந்தேன். மாதம் முடிந்ததும் நோயாளிகளின் சேர்க்கை, விடுவிப்பு, இறப்பு ஆகியவற்றைத் தொகுத்து, வகுத்தளித்த படிவத்தில் நிரப்பி மேலிடத்துக்கு அனுப்புவது என் வேலை. ஒரு மாதம் வார்டுப் பதிவேடு சொன்ன இறப்பு எண்ணிக்கை ஒன்று. பிணவறைப் பதிவேடு சொன்னது வேறொன்று. கணினியில் ஏறியிருந்தது மூன்றாவது ஒன்று. வரும் வழியிலேயே உயிர் பிரிந்தவரைச் சேர்ப்பதா, விடுவதா? பிறந்து சில நிமிடங்களே உயிரோடிருந்த சிசு எந்தக் கட்டத்துக்கு உரியது? விடை சொல்வார் எவருமில்லை. கடைசி நாள் நெருங்கியதால், மூன்றில் ஒன்றை எழுதி அனுப்பிவிட்டோம். அந்த எண்ணுக்கு வெளியே நின்றுபோனவர்கள் யார் என்பது எனக்கு இன்றும் தெரியாது.

அந்த உறுத்தலோடு தேடிப் படித்தபோதுதான், ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பு இதே மூன்று பதிவேடுகளின் முன்னால் நைட்டிங்கேலும் திகைத்து நின்றிருக்கிறார் என்பதை அறிந்தேன்.

1820-ஆம் ஆண்டு இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பிறந்த ஊரே பெயராயிற்று. தந்தையே ஆசானாக இருந்து மொழிகளும் வரலாறும் தத்துவமும் கற்பித்தார். கணிதம் பயில வேண்டும் என்ற ஆசைக்கு மட்டும் வீட்டில் தடை எழுந்தது. வாதாடித்தான் அதைப் பெற்றார். வீட்டார் உறங்கும் விடியற்பொழுதுகளில் அரசாங்க அறிக்கைகளையும் மருத்துவமனை அறிக்கைகளையும் படித்துக் குறிப்பேடுகளை நிரப்புவது இளமையிலேயே அவருக்குப் பழக்கமாயிற்று. போர்முனைக்குப் போகும் முன்பே விளக்கொளியில் அவர் பார்த்தவை எண்களே.

1854 நவம்பரில், 38 பெண்களுடன் அவர் கான்ஸ்டான்டிநோபிளின் எதிர்க்கரையில் இருந்த ஸ்குடாரி படைமுகாம் மருத்துவமனையை அடைந்தார். கிரிமியப் போரில் நோயுற்ற பிரிட்டிஷ் வீரர்கள் கப்பல் கப்பலாக அங்கே வந்து இறங்கினர். கட்டடத்தின் அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைத்துக் கிடந்தன. 1855 பிப்ரவரியில் இறப்பு விகிதம் நூற்றுக்கு 40-ஐத் தாண்டியது. மார்ச் மாதம் லண்டனிலிருந்து வந்த சுகாதார ஆணையம் கால்வாய்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்துக்கு வழிசெய்தது. சில மாதங்களில் இறப்பு பெருமளவு சரிந்தது.

ஆனால் மாண்டவர் எத்தனை பேர் என்ற எளிய கேள்விக்கு அங்கே ஒரே விடை இல்லை. புதைக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல் படை அதிகாரியிடம் இருந்தது. மருத்துவர்கள் தனியே ஒரு கணக்கு அனுப்பினர். மண்ணுக்குள் போன நூற்றுக்கணக்கானோர் அதில் இல்லை. படை அலுவலக அறை மூன்றாவதாக ஒரு கணக்கு வைத்திருந்தது; அது முதல் இரண்டோடும் பொருந்தவில்லை. பெயரில்லாமல் புதைகுழிக்குச் சென்றவர்களின் தாய்மாருக்கு யார் கடிதம் எழுதுவது? எதனால் இறந்தார்கள் என்றே தெரியாதபோது, அடுத்த படையை எப்படிக் காப்பது? அவருடைய எஞ்சிய வாழ்நாளை ஆட்கொண்ட கேள்விகள் இவை.

1856-இல் நாடு திரும்பியவரை இங்கிலாந்து வீராங்கனையாகக் கொண்டாடக் காத்திருந்தது. அவர் விழாக்களைத் தவிர்த்தார். அந்த ஆண்டில்தான் வில்லியம் ஃபார் என்பவரைச் சந்தித்தார். ஏழைக் குடும்பத்தில் பிறந்து மருத்துவம் பயின்ற ஃபார், இங்கிலாந்தின் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தில் 1839 முதல் பணிபுரிந்து வந்தார். நாடெங்கும் 1837-இல் தொடங்கிய பிறப்பு, இறப்புப் பதிவுகளைத் தொகுத்துப் பொருள் காண்பது அவர் பொறுப்பு. ஒரே நோய்க்கு ஊருக்கொரு பெயர். ஒரே பெயருக்கு மருத்துவருக்கொரு பொருள். இந்தக் குழப்பம் தீராதவரை எத்தனை லட்சம் பதிவுகள் குவிந்தாலும் பயனில்லை என்று கண்ட ஃபார், நோய்களுக்குப் பொதுவான பெயர்ப் பட்டியலை உருவாக்க உழைத்தவர்.

இருவரும் சேர்ந்து கிரிமியப் போரின் கணக்கை மீண்டும் எழுதினர். போரில் மாண்ட பிரிட்டிஷ் வீரர்களில் 16,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது நோய். களத்திலும் காயத்தாலும் மாண்டவர்கள் 5,000-க்கும் குறைவு. அமைச்சர்கள் எண்களைப் படிக்க மாட்டார்கள் என்பதை அறிந்த நைட்டிங்கேல், தடுத்திருக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த சாவுகளை நீல நிறத்திலும், காயச் சாவுகளைச் சிவப்பிலும், பிறவற்றைக் கறுப்பிலும் தீட்டி, மாதந்தோறும் விரிந்து சுருங்கும் வட்ட வரைபடமாக்கினார். அதில் மிகப் பரந்த நீலம், அவரே பணியாற்றிய குளிர்காலத்துக்கு உரியது. தம் பெயரோடு இணைந்த மருத்துவமனையின் சாவுகளையும் அவர் மறைக்கவில்லை. 1858-இல் லண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

அதன்பின் அவர் பார்வை நகரத்து மருத்துவமனைகள் மீது திரும்பியது. ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய முறையில் கணக்கு வைத்திருந்தது; எதையும் எதனோடும் ஒப்பிட இயலாது. எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவான படிவம் ஒன்றை வகுத்தார். ஆண்டின் முதல் நாளில் இருந்த நோயாளிகள், ஆண்டுக்குள் சேர்ந்தவர்கள், குணமடைந்தோ நலம் கண்டோ சென்றவர்கள், குணமாகாமல் சென்றவர்கள், தம் விருப்பத்தாலோ ஒழுங்கீனத்தாலோ வெளியேறியவர்கள், இறந்தவர்கள், ஆண்டின் இறுதி நாளில் எஞ்சியவர்கள், ஒவ்வொரு நோய்க்கும் சராசரியாகத் தங்கிய நாள்கள். வயது, பால், நோய் வாரியாக இவை நிரப்பப்பட வேண்டும். நோய்ப் பெயர்கள் ஃபார் வகுத்த பட்டியலின்படி இருக்க வேண்டும்.

இந்தப் படிவத்தின் அழகு அதன் கட்டுக்கோப்பில் இருக்கிறது. தொடக்கத்தில் இருந்தவர்களும் புதிதாக வந்தவர்களும் ஒரு பக்கம். சென்றவர்களும் இறந்தவர்களும் எஞ்சியவர்களும் மறுபக்கம். இரு பக்கமும் சமமாக வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு மனிதர் தொலைந்திருக்கிறார் என்று பொருள். மாதக் கணக்கு எழுதிய எவருக்கும் இதன் அருமை புரியும்.

1860 ஜூலையில் லண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் மாநாட்டில் இத்திட்டம் படிக்கப்பட்டது. உடல் நலிவுற்றிருந்த அவர் நேரில் செல்லவில்லை. மாநாடு அதை வரவேற்றது. லண்டனின் பெரிய மருத்துவமனைகள் பல நிரப்பியும் பார்த்தன. ஆனால் அது நிலைக்கவில்லை. நிரப்புவதற்குக் காலமும் பணமும் மிகுதியாகச் செலவாயின. நோய்களின் பெயர்ப் பட்டியலை மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. மேசையில் அமர்ந்து வகுப்பவருக்கு எளிதாகத் தோன்றும் படிவம், பதிவேட்டின் முன் அமர்ந்து நிரப்புபவருக்குப் பெருஞ்சுமையாக இருக்கக்கூடும். அவர் காலத்தில் தீராத இந்தச் சிக்கல் நம் காலத்திலும் தீரவில்லை.

அவருக்கு நேர்ந்த ஒரு பிழையையும் சொல்லியாக வேண்டும். மருத்துவமனைகள் பற்றிய தம் நூலின் 1863-ஆம் ஆண்டுப் பதிப்பில், லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் நூற்றுக்கு 90-க்கும் மேல் என்று காட்டும் ஃபாரின் கணக்கை அவர் வெளியிட்டார். நாடே அதிர்ந்தது. மருத்துவர்கள் சீறினர், அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஓராண்டு முழுவதும் நேர்ந்த இறப்புகளை, 1861 ஏப்ரலில் ஒரே ஒரு நாளில் படுக்கைகளில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறப்பட்ட விகிதம் அது. நூறு படுக்கைகளில் ஓராண்டில் ஆயிரம் பேர் சிகிச்சை பெற்று 90 பேர் இறந்தால், ஆயிரத்தால் வகுக்கும்போது விடை 9. நூறால் வகுக்கும்போது விடை 90. மாண்டவர் எண்ணிக்கை மாறவில்லை. எதனால் வகுப்பது என்பதுதான் மாறியது. தரவின் ஒழுங்குக்காக வாழ்ந்தவரையே ஒரு வரையறை இடறிவிட்டது. எண்ணை அனுப்பும்போதே அதன் பொருளையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

நமக்கு நெருக்கமான பகுதி இனிமேல்தான் வருகிறது. இந்தியாவில் இருந்த படையினரின் உடல்நலத்தை ஆராய 1859-இல் அரச ஆணையம் ஒன்று அமைந்தது. அதன் பின்னணியில் இயங்கியவர் நைட்டிங்கேல். இந்தியாவை அவர் ஒருபோதும் கண்டதில்லை. ஆகவே குடிநீர், வடிகால், உணவு, குடியிருப்பு, நோய், இறப்பு ஆகியவை பற்றி ஒரே வகையான கேள்விகள் அடங்கிய சுற்றறிக்கையைத் தயாரித்து, சென்னை மாகாணம் உட்பட எங்கும் இருந்த படை முகாம்களுக்கு அனுப்பச் செய்தார். நிரப்பப்பட்ட விடைகள் வண்டிகளில் வந்து அவருடைய வீட்டை அடைத்தன. படுக்கையில் இருந்தபடியே அவற்றைப் படித்துச் சாரம் பிழிந்தார். 1863-இல் வெளியான அறிக்கை 2,028 பக்கங்கள் கொண்டது. இந்தியாவில் பிரிட்டிஷ் வீரர்கள் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் மாண்டுகொண்டிருந்ததை அது உலகுக்குக் காட்டியது. அதன் விளைவாகச் சென்னை, பம்பாய், வங்க மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. பத்தாண்டுகளுக்குப் பின் அந்த விகிதம் 18 ஆகக் குறைந்ததை அவரே எடுத்துரைத்தார்.

படைவீரர்களில் தொடங்கிய அவருடைய அக்கறை மெல்ல மெல்ல இந்நாட்டு உழவர்களிடம் வந்து சேர்ந்தது. 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றியும், நீர்ப்பாசனம், நிலவரி, கடன் ஆகியவை பற்றியும் இடைவிடாது எழுதினார். அந்தப் பஞ்சத்தில் மாண்டோர் தொகைக்கு இன்றளவும் எல்லோரும் ஒப்பும் ஒரே எண் இல்லை. வீட்டை விட்டு வெளியேறி வழியிலேயே விழுந்தவர்களைக் கிராமப் பதிவேடுகள் எவ்வாறு முழுமையாகக் கண்டிருக்க முடியும்?

அவர் முயன்று தோற்றவையும் பல. 1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நோயுற்றோர் எண்ணிக்கையையும் குடியிருப்பின் நிலையையும் சேர்க்கக் கோரினார், அரசு மறுத்தது. முதுமையில், 1891-ஆம் ஆண்டளவில், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் புள்ளியியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை நிறுவ முனைந்தார், அதுவும் கைகூடவில்லை. அரசு சேகரிக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆட்சியில் இல்லையே என்பது அவருடைய தீராத கவலை. ஆனால் ஃபார் போன்றோர் தொடங்கிவைத்த நோய்ப் பெயர்ப் பட்டியல் பணி வீணாகவில்லை. 1893-இல் பிரெஞ்சு அறிஞர் பெர்த்தியோன் அளித்த பட்டியல் வழியாக வளர்ந்து, உலக சுகாதார நிறுவனத்தின் அனைத்துலக நோய் வகைப்பாடாக இன்று அது எல்லா நாடுகளிலும் வழங்குகிறது.

நம் நாட்டில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. 2023-இல் அதற்குக் கொண்டுவந்த திருத்தத்தின்படி, மாநிலங்களின் பதிவுகள் அனைத்தும் இந்தியத் தலைமைப் பதிவாளரின் தேசியத் தரவுத்தளத்தில் சேர வேண்டும். வரவேற்க வேண்டிய ஏற்பாடு. ஆயினும் பதிவாகும் இறப்புகளில், மருத்துவர் காரணத்தைச் சான்றளித்தவை நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதை 2020, 2021-ஆம் ஆண்டுகளின் அரசு அறிக்கைகளே காட்டுகின்றன. அந்தச் சான்றுகளிலும், இதயம் நின்றது, மூச்சு நின்றது என்று எழுதி முடிக்கும் வழக்கம் உண்டு. இதயம் நிற்காமல் இறந்தவர் யார்? இதயத்தை நிறுத்தியது காசநோயா, நீரிழிவா, பாம்புக்கடியா என்பதுதானே நாடு அறிய வேண்டியது? தரவுத்தளம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், கடைக்கோடி மருத்துவமனையின் மேசையில் எழுதாமல் விட்ட காரணத்தை அதனால் வருவித்துத் தர முடியாது. அந்த மேசையில் அமர்பவருக்குத் தெளிவான வரையறையும், நிரப்பத்தக்க படிவமும், ஐயம் கேட்க ஒரு மனிதரும், போதிய நேரமும் தேவை.

1910 ஆகஸ்ட் 13 அன்று, தம் 90-ஆம் வயதில் நைட்டிங்கேல் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யலாம் என்றபோது, அவர் விருப்பப்படி குடும்பத்தார் மறுத்துவிட்டனர். ஹாம்ப்ஷயரில் ஒரு சிற்றூர்த் தேவாலயத்தின் முற்றத்தில் அவர் துயில்கிறார். கல்லில் முழுப் பெயர்கூட இல்லை. பெயரின் இரண்டு முதலெழுத்துகள், பிறந்த நாள், இறந்த நாள், அவ்வளவே. அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஸ்குடாரியில் பெயரின்றிப் புதைக்கப்பட்டவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அன்றொரு மாதம் என் கணக்கில் விடுபட்டவர்களும் நினைவுக்கு வந்தார்கள். ஒரு மனிதர் வந்தார், வாழ்ந்தார், இன்ன காரணத்தால் இறந்தார் என்று பிழையின்றி எழுதி வைப்பது, அவருக்கு நாம் செய்யும் கடைசி மரியாதை. பின்னால் வருபவரைக் காக்கும் முதல் மருந்தும் அதுவே.