தோரோ கண்ட காடு

அமெரிக்க ஞானியாகிய ஹென்றி டேவிட் தோரோ என்றவுடன், வரி கொடாது ஓரிரவு சிறையிலிருந்தவர் என்பதும், வால்டன் குளக்கரையிற் குடிசை கட்டி வசித்தவர் என்பதும், காந்தியடிகள் மதித்த கட்டுரையாசிரியர் என்பதுமே நம் நினைவுக்கு வருகின்றன. காடுகள் மாறி வளரும் முறையை ஆராய்ந்தவர் அவர் என்பதைப் பலர் அறியார். அதனையே ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

1817ஆம் ஆண்டு மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்துக் கான்கார்டு என்னும் ஊரிற் பிறந்த இவர், ஹார்வர்டு கலாசாலையிற் பயின்று, பின்னர்த் தந்தையாரின் பென்சில் தொழிலாலும் நில அளவையாலும் ஜீவனம் நடத்தினார். 1844ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஒரு விபரீதம் நேர்ந்தது. மீன் சமைப்பதற்காக அவரும் ஒரு நண்பரும் மூட்டிய நெருப்பு, காய்ந்த புல்லிற் பற்றி, ஏறக்குறைய 300 ஏக்கர் காட்டை எரித்துவிட்டது. ஊரார் அதனை நெடுங்காலம் மறந்திலர். அவர் பிற்காலத்தில் மரங்களின்பாற் செலுத்திய ஓயாத கவனத்துக்கு அந்நெருப்பும் ஒரு காரணமென்றே நமக்குத் தோன்றுகிறது.

பைன் காட்டை வெட்டினால் அவ்விடத்தே ஓக் மரங்கள் எழுவதும், ஓக் காட்டை வெட்டினால் பைன் எழுவதும் அந்நாட்டுக் குடியானவர்கள் கண்டு வியந்த புதுமையாகும். வித்தின்றியே மரம் தோன்றுமென்று சிலர் சாதித்தனர். தோரோ அதற்கு இசைந்திலர். அடர்ந்த பைன் காட்டினுட் புகுந்து தரையைத் துருவி நோக்கியபோது, சில அங்குல உயரமே உள்ள ஓக் கன்றுகள் ஆங்காங்கு நிற்பதைக் கண்டார். அணில்களும், காக்கையினத்தைச் சார்ந்த ஜே என்னும் பறவைகளும் ஓக் கொட்டைகளைக் கொணர்ந்து புதைக்கின்றன. அவை உண்ணாது விட்டவை முளைக்கின்றன. நிழலில் அக்கன்றுகள் சில ஆண்டுகளே உயிர் தரித்திருக்கும். மேலே நிற்கும் பைன் மரங்கள் வீழ்ந்தாலோ, வெயில் பெற்று ஓங்கிவிடும். பைன் விதை மெல்லிய சிறகுடையதாதலின், காற்றிற் பறந்து வெட்டவெளியிற் சென்று விழும். அணிலைக் கள்வனென்று எண்ணியிருந்தவர்க்கு, அது கூலி பெறாத தோட்டக்காரன் என்பது விளங்கிற்று!

1860ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் தேதி, மிடில்ஸெக்ஸ் விவசாய சங்கத்தார் முன்னிலையில் இவ்வுண்மையை அவர் எடுத்துரைத்தார். அத்துடன் அமைந்தாரல்லர். வெட்டுண்ட அடிமரங்களின் வளையங்களை எண்ணி, எந்த மரம் எந்த மரத்தின் பின் வந்தது என்று கணித்து வந்தார். அவ்வாண்டு டிசம்பரில் கடுங்குளிரில் அவ்வேலை செய்துகொண்டிருந்தபோது ஜலதோஷம் பிடித்தது. முன்னரே உடலிற் குடிகொண்டிருந்த க்ஷயரோகம் அதனால் முற்றியது. 1862ஆம் ஆண்டு மே 6ஆம் தேதி, தமது 44ஆம் பிராயத்தில் காலமானார். விதைகள் பரவுவதைக் குறித்து அவர் எழுதி முடியாது விட்ட பிரதி 1993ஆம் ஆண்டிலேதான் அச்சேறியது.