தேசபக்தன் கோ. நடேசய்யர்

மேடையேறிப் பேசுவோர் பலர்; மக்கள் செவிசாய்க்கப் பேசுவோர் மிகச் சிலர். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர்க்காக ஓங்கி ஒலித்த கோதண்டராம நடேசய்யரின் சொல்லுக்கு அவ்வலிமை எங்ஙனம் வாய்த்தது என்பதை இவ்விழா மலரிலே எழுத விழைகின்றோம். நம் மாணவருட் பலர் அப்பெயரை இங்கேதான் முதன்முறை காண்பர் என்று எண்ண நமக்கு வெட்கமாகவே உள்ளது.

அன்னார் 1887 ஆம் ஆண்டு தஞ்சாவூர்ப் பகுதியிற் பிறந்தவர். தோட்டத்திற் பிறந்தவருமல்லர், கொழுந்து கொய்தவருமல்லர். தஞ்சையில் ‘வர்த்தகமித்திரன்’ என்னும் பத்திரிகையை நடத்தியவர், 1915 இல் வணிகர் அலுவலாகவே கொழும்புக்கு வந்தார். வந்தவிடத்தில் தேயிலை மலைகளில் உழலும் தம் நாட்டவரின் அவலம் செவிக்கெட்டியது. பிறர் சொல்லக் கேட்டதோடு அமைய அவர் மனம் இசையவில்லை.

அக்காலத் தோட்டங்களோ அயலார் காலடி வைக்கவொண்ணாதவை. துரையின் அனுமதியின்றிப் புகுந்தால் அத்துமீறல் வழக்கு. புடைவை வியாபாரிக்கு மட்டும் வழி திறந்திருந்தது. ஐயர் துணி மூட்டையைச் சுமந்து புடைவை வியாபாரியாய் உட்சென்றார். ஒற்றைக் காம்பிராவில் ஒரு குடும்பமே முடங்கிக் கிடந்த லயங்களையும், கங்காணியிடம் பட்ட கடன் தலைமுறையாய்த் தொடர்ந்ததையும், அக்கடனோடு ஆட்களைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு முறையையும் நேரில் அறிந்தார். பிற்காலத்தில் சபையிலும் மேடையிலும் அவர் பேசியதெல்லாம் அம்மூட்டையோடு நடந்து பெற்ற அறிவின் பயனே என்பது நம் துணிபு.

1921 இல் ‘தேசநேசன்’, பின்னர் ‘தேசபக்தன்’ எனப் பத்திரிகைகள் நடத்தினார். 1925 இல் சட்டநிரூபண சபையிற் புகுந்தார். ஏ. ஈ. குணசிங்காவோடு கொழும்புத் தொழிற்சங்கத்தில் உழைத்தவர், அவர் இந்தியத் தொழிலாளரை எதிர்க்கத் தலைப்பட்டதும் பிரிந்தார். தோழமை பெரிதோ தொழிலாளர் பெரிதோ என்ற கேள்வி எழுந்தபோது ஐயர் தயங்கவில்லை.

1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி 1929 இல் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் குறைந்த கூலியாயின. சில ஆண்டுகளிற் பொருளாதார மந்தத்தைக் காட்டி அதனையும் குறைத்தனர். 1931 இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய ஐயர், தொழிலாளர் தம் உரிமையைத் தாமே அறியுமாறு சட்டத்தைத் தமிழில் எழுதினார். எழுத்தறியாதவர்க்கு? அங்கேதான் அவர்தம் மனைவியார் மீனாட்சியம்மையார் முன்வந்தார். அம்மையார் பாட்டியற்றிக் கூட்டங்களிற் பாடினார். அப்பாடல்கள் 1940 இல் நூலாயின. கணவரின் புகழில் அம்மையாரின் பங்கை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

1936 இல் அட்டன் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். ஆயினும் 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியபின் தொழிலாளர் அப்பக்கம் திரண்டனர், சம்மேளனம் மெலிந்தது. 1947 தேர்தலில் ஐயர் தோற்றார். அவ்வாண்டு நவம்பர் 7 ஆம் நாள் காலமானார். அடுத்த ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்து மலைநாட்டு மக்களை நாடற்றவராக்கியபோது, மூட்டை சுமந்து அவர்தம் வாசல் வரை சென்ற அம்மனிதர் சபையிலும் இல்லை, உலகிலும் இல்லை.